எழுபது வளைவும் ஒரு வலது காலும்

மே 6

உரக்கடை முருகேசன் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. முதல் பக்கத்தில் பெயர், வயது, இரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெயர் பொன்னுரங்கம், வயது ஐம்பத்தொன்று, வேலை அரசு பஸ் டிரைவர் என்று ஜனவரியிலேயே எழுதிவிட்டேன். ‘உடல்நிலை’ என்ற இடத்தில் ‘கல்லு மாதிரி’ என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று இன்று யோசித்தேன். அடிக்கவில்லை.

போன மாதம் இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது. இப்போது அது இறங்கிவிட்டது. வலது பிட்டத்தில் தொடங்கி, தொடைக்குப் பின்னால் ஓடி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை காய்ச்சிய கம்பியை இழுத்தது போல் எரிகிறது. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குத் தினம் இரண்டு நடை. மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பத்தொன்பது வருஷமாக அதே ரூட். என் வண்டியில் யாரும் வாந்தி எடுத்ததில்லை என்று சொன்னால் பொய். மற்ற வண்டிகளை விடக் குறைவு, அவ்வளவுதான்.

பூங்கொடி நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டாள். “சேலம் போயி நல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தறலாமுங்க” என்றாள். எண்ணெய்க்கு அடங்காத வலி எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன்.

மே 9

செருப்பு மாற்றினேன். பழையதன் அடி தேய்ந்துவிட்டது. பிரேக்கில் பிடிமானம் இல்லை.

மே 11

அர்த்தநாரிக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஏழு வருஷமாக என் வண்டிக் கண்டக்டர். சொன்ன வேலையைச் செய்வான், சொல்லாத பேச்சைப் பேச மாட்டான். மேட்டில் வண்டி நின்றால் டயருக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறோம். அது எப்போதும் பின் சீட்டுக்கு அடியில் கிடக்கும். இன்று அதை அடிவாரத்திலேயே எடுத்து முன்படியில் தன் காலடியில் வைத்துக்கொண்டான். மேலே போய்ச் சேரும்வரை அங்கேயேதான் இருந்தது. ஒரு பாட்டி அதில் இடித்துக்கொண்டு அவனைத் திட்டிவிட்டு இறங்கினாள்.

“ஏய்யா, பால்குடம் மாதிரி அதைக் கூடவே வெச்சிருக்கற?” என்று கேட்டேன்.

“பின்னாடி பலாப்பழம் அடுக்கியிருக்குதுங்ணா” என்றான்.

இறங்கும்போது பலாப்பழமே இல்லை. கட்டை முன்படியில்தான் இருந்தது. இவனுக்கும் வயசாகிறது.

மே 14

மத்தியான நடை, இறக்கம். முப்பத்து மூன்றாம் வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்தது. பிரேக் போட்டேன். வண்டி நின்றது. தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

கால் பிரேக்கில்தான் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தபோது பாதி பாதம் பெடலுக்கு வெளியே இருந்தது. புதுச் செருப்பு, புதுத் தோல், வழுக்கிவிட்டது.

இன்று பலாப்பழம் நிஜமாகவே இருந்தது. நாலைந்து உருண்டு வந்து கியர் பெட்டிப் பக்கம் மோதி நின்றன. குழந்தைகள் சிரித்தன. மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “சாமியக் கும்பிட்டுட்டு எடுப்பா” என்றாள். அர்த்தநாரி பழங்களைப் பொறுக்கி வைத்தான். அதற்கப்புறம் டிக்கெட் கேட்கக்கூடப் பின்னால் போகவில்லை. அடிவாரம் வரை எனக்குப் பக்கத்தில், ஹேண்ட் பிரேக் ஓரமாகவே நின்றுகொண்டு வந்தான்.

செருப்பைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மே 15

வலி. இரண்டு நடை.

மே 16

அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

காலை ஏழு பத்து நடை. வண்டி நிறைந்துவிட்டது. இன்ஜினை ஓடவிட்டு விசிலுக்காகக் காத்திருந்தேன். இரண்டு விசில் கொடுத்தால் எடுக்க வேண்டும், ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும். விசில் இல்லாமல் நகர்த்தினால் அது டிரைவர் தப்பு. இந்தத் தொழிலுக்கு வரும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது.

விசில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அர்த்தநாரி படியிலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

“என்னய்யா, ரைட் குடு.”

“குடுக்க மாட்டனுங்ணா.”

“என்ன சொல்ற?”

“நீங்க எறங்கற வரைக்கும் நான் விசில் ஊத மாட்டனுங்ணா. கோவிச்சுக்காதீங்க.”

யாருக்கும் கேட்காதபடி, மெதுவாகத்தான் சொன்னான். நான்தான் கத்தினேன். ஹாரனை விடாமல் அடித்தேன். அவன் விசிலைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான். இருபது நிமிஷம் வண்டி நின்றது. டைம் கீப்பர் குப்பண்ணன் ஓடி வந்தார். அர்த்தநாரி அவரைத் தள்ளிக் கூட்டிப் போய் என்னமோ சொன்னான். கடைசியில் ஜனங்களை இறக்கி அடுத்த வண்டியில் ஏற்றினார்கள். எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஏழு வருஷம் என் டிபன் பாக்ஸில் கை நனைத்தவன். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

மே 17

மெடிக்கல் லீவு எழுதிப் போட்டேன். காரணம்: முதுகு வலி.

“அர்த்தநாரி நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பாருங்க” என்று பூங்கொடி ஆரம்பித்தாள். வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாள். ஆனால் சேலம் போவதற்கு என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

மே 22

சேலம் ஆஸ்பத்திரி. ஸ்கேன் படத்தைப் பார்த்த எலும்பு டாக்டர், முதுகெலும்பின் கடைசி வட்டு பிதுங்கி வலது காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார். உடனே ஆபரேஷன் தேவைப்படாது, முதலில் வலி சிகிச்சை டாக்டரைப் பாருங்கள் என்று மாடிக்கு அனுப்பினார்.

வலிக்கென்று தனியாக ஒரு டாக்டர் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். டாக்டர் ரெஹானா. நாலே முக்கால் அடி இருந்தால் அதிகம். எங்கள் பஸ்ஸில் ஏறினால் மேல் கம்பி எட்டாது. இந்த அம்மாவா என் முதுகில் ஊசி போடப் போகிறார் என்று நினைத்தேன்.

காலைத் தூக்கச் சொன்னார், அழுத்தச் சொன்னார், பாதத்தில் பஞ்சால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். அப்புறம் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கச் சொன்னார். இடது காலில் பதினைந்து எடுத்தேன். வலது காலில் மூன்று. நாலாவது எழும்பவே இல்லை. இன்று காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான்.

“பிரேக் மிதிக்கறப்ப கால் எப்பவாவது ஏமாத்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

பூங்கொடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தி கிடையாது, தையல் கிடையாது என்றார் டாக்டரம்மா. நரம்பைச் சுற்றி இருக்கிற உறைக்கு வெளியே கொஞ்சம் இடம் இருக்கிறதாம். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே அந்த இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோய், வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை விடுவார்களாம். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

“மந்திரம்னு நெனச்சுக்காதீங்க. சில பேருக்குக் கேக்கறதே இல்ல. கேட்டாலும் பிதுங்குன வட்டு உடனே உள்ள போயிடாது. நரம்பு மேல இருக்கற வீக்கம் குறையும், அது ஆற நேரம் கிடைக்கும். கால் இன்னும் தொய்ஞ்சாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போனாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது, ஓடி வரணும்” என்றார்.

விற்க வந்தவர் யாரும் தன் சரக்கைப் பற்றி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, போடுங்கள் என்றேன்.

மே 29

இன்று ஊசி. ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

எந்தக் கால் என்று வரவேற்பில் கேட்டார்கள். நர்ஸ் கேட்டாள். எக்ஸ்ரேக்காரர் கேட்டார். கடைசியில் டாக்டரம்மாவும் பேனாவோடு வந்து, “எந்தக் கால்?” என்றார். எனக்குக் கடுப்பாகிவிட்டது. மூன்று பேருக்குச் சொல்லியாயிற்று என்றேன்.

“தினமும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயரைத் தட்டிப் பாப்பீங்கல்ல?”

“பார்ப்பேன்.”

“நேத்தும் அதே டயர்தான?”

வலது காலைக் காட்டினேன். தொடையில் அம்புக்குறி போட்டார்.

குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கு அடியில் தலையணை கொடுத்தார்கள். மேலே அரை வட்டமாக வளைந்த பெரிய எக்ஸ்ரே இயந்திரம். முதுகில் சில்லென்று மருந்து தடவினார்கள். டாக்டரம்மா கதிர்வீச்சுக்காக ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலில் ஏறி நின்றார். அந்தக் கவசத்தின் கனம் அவர் கனத்தில் கால்வாசி இருக்கும். தோல் மரத்துப்போக முதல் ஊசி, எறும்புக் கடி. அப்புறம் அவர் சொன்னார்: “இப்ப உள்ள போறேன். கால்ல கரண்ட் இழுத்த மாதிரி இருந்தா உடனே சொல்லணும். அடக்கக் கூடாது.”

கொஞ்ச நேரத்தில் இழுத்தது. சுண்டுவிரல் வரை சுரீர் என்று இறங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு சின்ன அம்மாவுக்கு முன்னால் ஐயோ அம்மா என்று கத்துகிற ஆளா நான்.

அவர் கை நின்றுவிட்டது.

“விரல் மடங்குச்சு. ஏன் சொல்லல?”

“தாங்கிக்குவனுங்க, டாக்டரம்மா.”

“தாங்கறதுக்காக உங்களை இங்க படுக்க வைக்கல. நரம்பு எங்க இருக்குன்னு படம் பாதிதான் சொல்லும். மீதியை நீங்க சொல்லணும். நீங்க பேசாம இருந்தா நான் நரம்புலயே குத்திடுவேன்.” கோபமாகச் சொல்லவில்லை. ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, “உங்க வண்டியக் கண்டக்டர் விசில் இல்லாம எடுப்பீங்களா?” என்று கேட்டார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குப்புறக் கிடந்தபடியே அர்த்தநாரி செய்த துரோகத்தையெல்லாம் கொட்டினேன். விசிலைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டினதைக்கூட விடவில்லை. முழுக்கக் கேட்டார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“இன்னைக்கு நான் டிரைவர். நீங்க அர்த்தநாரி. நீங்க ரைட் சொல்லாம நான் நகர மாட்டேன். கால்ல இழுத்தா ஒண்ணுன்னு சொல்லுங்க, அங்கயே நிறுத்திடுவேன். சரியா?”

அப்புறம் அப்படியேதான் நடந்தது. “ரைட்டா?” என்பார். “ரைட்” என்பேன். ஒரு மயிரிழை நகர்வார், இயந்திரம் ஒரு தடவை கிளிக் என்னும், படத்தைப் பார்ப்பார். மேலிருந்து ஒரு படம், இயந்திரத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் ஒரு படம். மறுபடி “ரைட்டா?” ஒரு தடவை மட்டும் இழுத்தது. “ஒண்ணு” என்றேன். சொல்லி முடிக்கும் முன் கை நின்றது. இப்படி ஒரு பிரேக்கை நான் எந்தப் புது வண்டியிலும் பார்த்ததில்லை.

இடம் சேர்ந்த பிறகும் மருந்தை விடவில்லை. முதலில் கொஞ்சம் சாயம். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சாயம் நரம்பை ஒட்டிக் கறுப்பாக, மெல்லிசாக, கீழ்நோக்கி வழிந்தது. மருந்து போக வேண்டிய வழியில்தான் போகும் என்று அது காட்டிக் கொடுத்த பிறகுதான் மருந்து. விடும்போது காலில் அதே பழைய வலி ஒரு தடவை முட்டியது. அப்புறம் ஆளையே காணோம்.

மொத்தம் இருபது நிமிஷம். முதுகில் நாலணா அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி. பத்தொன்பது வருஷத்தில் நல்ல டிரைவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மா மாதிரி ஓட்டுகிற ஆளைப் பார்த்ததில்லை. அவசரமே கிடையாது. தெரியாத இடத்தில் ஓர் அங்குலம்கூட நகர மாட்டேன் என்கிற பிடிவாதம். நான் அவரை மேல் கம்பி எட்டாதவர் என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

கிளம்பும்போது கேட்டேன்: “அர்த்தநாரி பண்ணது சரின்னு நெனைக்கறீங்களா?”

“அவரு உங்க காலைப் பாத்திருப்பாரு” என்று மட்டும் சொன்னார்.

மே 31

வலி திரும்பிவிட்டது. ஏமாந்தேன்.

ஜூன் 1

அதே. மரத்துப்போகச் செய்கிற மருந்து முதல் நாளோடு போய்விடும், வீக்க மருந்து வேலை செய்ய நாலைந்து நாள் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தாராம். பூங்கொடிக்கு நினைவிருக்கிறது. எனக்கு இல்லை.

ஜூன் 5

காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டு வந்த பிறகுதான் கவனித்தேன், வலி இல்லை. தேடிப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். தொடையைத் தட்டிப் பார்த்தேன். இல்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு உட்கார்ந்து காப்பி குடித்தேன். டாக்டரம்மாவுக்கு நூறு வயது.

ஜூன் 12

வலியே இல்லை, வண்டி ஓட்டலாம் என்று கடிதம் கொடுங்கள் என்று கேட்கப் போனேன். குதிகாலைத் தூக்கச் சொன்னார். நான்கு.

“வலி போயிடுச்சு, எனக்கும் சந்தோஷம். ஆனா பிரேக்கை மிதிக்கறது தசை. நரம்பு நல்லாகி அந்தத் தசைக்குப் பலம் வரணும். ஊசி அதுக்கு வழிதான் விடும்.”

“ஆடிப் பதினெட்டு வருதுங்க. பத்தொன்பது வருஷமா அன்னைக்கு மலைக்கு நான்தான் ஓட்டறேன்.”

“பத்து எடுங்க. சுவரைப் பிடிக்காம, முட்டியை மடக்காம. எடுத்துட்டு வாங்க, எழுதித் தர்றேன்.”

ஒரு நாளைக்கு மூன்று தடவை பயிற்சி. சொல்லிக் கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள். அவளும் கறார்தான்.

ஜூன் 20

நான்கு. சமையலறை டப்பாக்களை எல்லாம் அளவு வாரியாக அடுக்கி வைத்தேன். பூங்கொடிக்குக் கடுகு கிடைக்கவில்லை. சண்டை.

ஜூன் 27

ஐந்து. தண்ணீர் மோட்டார் பழுது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போனான்.

ஜூலை 2

ஐந்து. மோட்டார்க்காரன் வரவில்லை.

ஜூலை 6

பத்து. எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் சேலம் போய்க் கடிதம் வாங்கிவிட வேண்டியதுதான்.

ஆறு. மீதி நாலுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். எண்ணியது நான். இப்படிக்கு, பூங்கொடி.

ஜூலை 7

டைரியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி அவளிடம்தான் இருக்கிறது.

ஜூலை 11

உழவர் சந்தையில் டைம் கீப்பர் குப்பண்ணனைப் பார்த்தேன். லீவு எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டு, “உங்க கண்டக்டருக்குத் தலைசுத்தல் தேவலையா?” என்றார்.

“அவனுக்கு என்ன தலைசுத்தல்?”

“அதுதானுங்க, அன்னைக்கு வண்டி நின்னுச்சே. தலை சுத்துது, நிக்க முடியல, விசில் குடுக்க மாட்டேன்னு எழுதியே குடுத்தாரே. மெமோ குடுத்து, ரூட்டைப் புடுங்கி, ஆபீஸ்ல டிக்கெட் கட்டு அடுக்கற வேலையில போட்டிருக்காங்க. ரெண்டு மாசமாகப் போகுது.”

அவன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றே என் காலைச் சோதித்திருப்பார்கள், என் ஃபைலில் அது ஏறியிருக்கும். நான் மெடிக்கல் லீவு என்று கௌரவமாக வீட்டில் உட்கார்ந்து கடுகு டப்பாவை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் டிக்கெட் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தான். முருங்கைக்காய்க் கட்டைக் கையில் பிடித்தபடி சந்தை நடுவிலேயே அழுதுவிட்டேன். குப்பண்ணன் பயந்துபோய் இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 12

சேந்தமங்கலத்தில் அர்த்தநாரி வீடு. ஏழு வருஷத்தில் அவன் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டான்.

“ஏன்யா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா கேட்டிருப்பீங்களாங்ணா?”

அவன் மனைவி மோர் கொண்டு வந்தாள். குடித்து முடித்தேன்.

“முப்பத்து மூணாவது வளைவுல அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன். “அது செருப்பு இல்லய்யா.”

“தெரியுமுங்ணா.”

“பெடல் மேல கால் இருக்குதா இல்லயான்னே எனக்குத் தெரியல. அதுக்கு ஒரு மாசம் முன்னாலயிருந்தே அப்படித்தான். தெரிஞ்சும் ஓட்டினேன்.”

சொல்லிவிட்டேன். இரண்டு மாதமாக இந்த டைரியில்கூட எழுதாததை அவன் முன்னால் சொன்னேன். அவன் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். “எம் புள்ளைங்களும் அந்த வண்டியிலதாங்ணா பாட்டி ஊருக்குப் போகுதுங்க” என்றான். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 15

சேலம். டாக்டரம்மா குதிகாலைத் தூக்கச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். பத்து இல்லை, ஆறு. பிரேக்கில் கால் ஏமாற்றியது. ஒரு தடவை இல்லை, பல தடவை. முதல் தடவை நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். “இதை முதல்லயே சொல்லியிருந்தா எலும்பு டாக்டரையும் அப்பவே மறுபடி பாக்கச் சொல்லியிருப்பேன்” என்றார். இன்றே பார்க்க வைத்தார். பலம் குறையவில்லை, மூன்றிலிருந்து ஆறுக்கு ஏறியிருக்கிறது, அதனால் கத்தி வேண்டாம், இன்னொரு ஊசியும் இப்போது வேண்டாம், பயிற்சியை விடாதீர்கள் என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

“திட்டிடுங்க டாக்டரம்மா” என்றேன்.

“எதுக்கு? இன்னைக்குத்தான் நீங்களா ஒண்ணுன்னு சொல்லியிருக்கீங்க” என்றார்.

ஜூலை 18

டெப்போ மேனேஜருக்கு என் கையால் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மே 16 அன்று வண்டி நின்றதற்குக் காரணம் என் வலது கால். கண்டக்டருக்குத் தலைசுற்றல் எதுவும் கிடையாது. அவர் பயணிகளைக் காப்பாற்றினார். மூன்று வாக்கியம் எழுத ஒரு பகல் ஆயிற்று.

ஜூலை 24

எனக்கு மெமோ வந்துவிட்டது. மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டால் ஸ்டீயரிங் அவ்வளவுதான், மீதி சர்வீஸ் முழுக்க டெப்போவில் டயர் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும். அர்த்தநாரிக்கு மெமோ ரத்து. பொய் எழுதிக் கொடுத்ததற்கு ஒரு எச்சரிக்கை மட்டும். மலை ரூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எட்டு எடுத்தேன். பூங்கொடி எண்ணினாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக டிக்கெட் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். வல்வில் ஓரி விழாக் கூட்டம். எனக்கும் பூங்கொடிக்கும் கடைசி சீட்டில்தான் இடம் கிடைத்தது. டிரைவர் வேறு ஆள், சிவப்பிரகாசம். நன்றாகவே ஓட்டுகிறார். வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

உட்கார்ந்ததும் காலில் என்னமோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். கட்டை. பின் சீட்டுக்கு அடியில், அது எப்போதும் கிடக்கிற இடத்தில் கிடந்தது. முன்னால் எட்டிப் பார்த்தேன். அர்த்தநாரி கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான். முன்படியில் ஒன்றும் இல்லை.

என் வண்டியில் மட்டும்தான் அவன் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். என் பிரேக்கை நம்பாமல், ஆனால் என்னை விட்டும் போகாமல். தேவைப்பட்டால் குதித்து அதை டயருக்கு அடியில் தள்ள. ஓடுகிற பஸ்ஸைக் கட்டையால் நிறுத்த முடியாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். வேறு வழி இல்லாமல்தான் வைத்திருந்தான். விசிலைப் பையில் போடுகிற தைரியம் வரும்வரை.

செருப்பைக் கழற்றி வலது பாதத்தைக் கட்டையின் மேல் வைத்தேன். எழுபது வளைவுக்கும் அதை அழுத்திக்கொண்டே போனேன். நாற்பதுக்கு மேல் எங்கேயோ கவனித்தேன், மரத்தின் சொரசொரப்பு சுண்டுவிரலுக்குத் தெரிந்தது. மே மாதம் பெடலே தெரியாத விரல். பூங்கொடியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் அவள் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

ஆகஸ்ட் 19

பத்து.

சரி. பூங்கொடி.

ஆகஸ்ட் 28

மருத்துவக் குழு. டாக்டரம்மா மறைக்காமல் எழுதிய கடிதத்தை மூன்று பேரும் படித்தார்கள். இவ்வளவையும் நீங்களே சொன்னீர்களா என்று ஒருவர் கேட்டார். பன்னிரண்டு எடுத்தேன். காலி வண்டியில் மலை ஏறி இறங்கிக் காட்டச் சொன்னார்கள். பயிற்சி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பத்து மூன்றில் ஒரு கணம் வியர்த்தது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வேறு யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாராம். நர்ஸ்தான் எடுத்தாள். கண்டக்டர் பேசினார் என்று சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 2

ஏழு பத்து நடை. வண்டியைச் சுற்றி வந்து டயர்களைத் தட்டிப் பார்த்தேன். அர்த்தநாரி பஸ் ஸ்டாண்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“எண்ணிக்க” என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலில் நின்றேன்.

“வேண்டாமுங்ணா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். உனக்குத் தெரியணும்.”

பஸ் ஸ்டாண்டு நடுவில், யூனிபாரத்தோடு, எதையும் பிடிக்காமல் எடுத்தேன். அவன் மெதுவாக எண்ணினான். ஏழுக்கு மேல் மிளகு மூட்டை அம்மாவும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். பன்னிரண்டில், “போதுமுங்ணா” என்றான்.

ஏறி உட்கார்ந்தேன். இன்ஜினை ஓடவிட்டேன். கண்ணாடியைச் சரி செய்தேன். முன்படியைப் பார்த்தேன்.

“கட்டை எங்கய்யா?”

“பின்னாடி சீட்டுக்கு அடியிலங்ணா.”

இரண்டு விசில் கொடுத்தான்.